பிரிண்ட் சரியாக வரவில்லையா? கறுப்பு வெள்ளை இருட்டறையில் கோளாறு கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இருட்டறையில் ஒரு பிரிண்ட் கெட்டுப்போனால் புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் மூன்று வேலை செய்கிறார்கள். நேரத்தை மாற்றுகிறார்கள், ஃபில்டரை மாற்றுகிறார்கள், டெவலப்பரையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கிறார்கள். அடுத்த பிரிண்ட் நன்றாக வந்துவிட்டாலும் எதனால் வந்தது என்று தெரியாது. நாளைக்கு அதே கோளாறு வந்தால் மறுபடி மூன்றையும் மாற்ற வேண்டியதுதான்.

இதற்கு மாற்றாக ஓர் ஒழுங்கு உண்டு. பிரிண்டைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். பேப்பரைத் தட்டையாகப் பிடித்துவைக்கும் ஈசலின் (easel) பட்டைக்கு அடியில் இருந்த வெள்ளை ஓரத்தில் வெளிச்சமே பட்டிருக்கக் கூடாது. அது சாம்பலாக இருந்தால் நெகட்டிவையோ டைமரையோ குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து, படத்தில் எது முழுக் கறுப்பாக இருக்க வேண்டுமோ அதைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் சரி என்று உறுதியான பிறகுதான் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

நெகட்டிவைப் பேப்பரில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர், ஃபில்டரால் கான்ட்ராஸ்டை (கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாட்டை) மாற்றக்கூடிய மல்டிகிரேடு வகை ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சுள்ளது), படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சர் என்று மூன்று டிரே, இவை உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை

வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் பேப்பரிலிருந்து இரண்டு சிறு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை முழு இருட்டில், டெவலப்பரில் போடாமல் நேராக ஃபிக்சரில் போடுங்கள். அந்தப் பேப்பரால் தரக்கூடிய அதிகபட்ச வெள்ளை அதுதான். பேப்பர் பெட்டியை மூடிய பிறகு அறை விளக்கைப் போட்டு, இன்னொரு துண்டை அந்த வெளிச்சத்தில் காட்டி, டெவலப்பரில் முழு நேரம் வைத்து, ஸ்டாப், ஃபிக்சர் முடித்து எடுங்கள். அது அதிகபட்சக் கறுப்பு.

இந்த இரண்டு துண்டுகளையும் கழுவிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை நம்ப முடியாது. இருட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் சாம்பல் ஓரம்கூட வெள்ளையாகத்தான் தெரியும். துண்டை ஒட்டிவைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கறுப்புத் துண்டு அடர் கறுப்பாக வராமல் பழுப்பாகவோ கரும்சாம்பலாகவோ நின்றுவிட்டால் அன்றைக்கு நெகட்டிவைக் கேரியரில் (என்லார்ஜரில் அதைப் பிடிக்கும் சட்டம்) வைக்கவே வேண்டாம். டெவலப்பரைப் பாருங்கள். அடர்பழுப்பாக மாறியிருந்தால் காற்றுப் பட்டு வீணாகியிருக்கிறது. நிறம் நன்றாக இருந்தும் கறுப்பு வரவில்லை என்றால் வெப்பமானியை உள்ளே விடுங்கள். பெரும்பாலான பிரிண்ட் டெவலப்பர்கள் 20 டிகிரி செல்சியஸுக்காகக் கணக்கிடப்பட்டவை. அவற்றில் அடர் கறுப்பைத் தரும் ஹைட்ரோகுவினோன் குளிரில் மிகவும் மந்தமாகிவிடும். டிரேயை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய டிரேக்குள் வைத்தால் போதும்.

படி 2: ஓரம் சாம்பலாக இருந்தால்

ஓரம் வெள்ளைத் துண்டைவிட மங்கலாக இருந்தால் அதற்குப் பெயர் ஃபாக். காரணம் நான்கில் ஒன்று: பேப்பர் பழசு, டெவலப்பரில் கோளாறு, சேஃப்லைட் (பேப்பரைப் பாதிக்காத மங்கலான இருட்டறை விளக்கு) பாதுகாப்பாக இல்லை, எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது. ஊகிக்க வேண்டாம், பிரித்துப் பார்த்துவிடலாம்.

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, சேஃப்லைட்டும் இல்லாமல், ஒரு புதுத் துண்டை டெவலப்பரில் முழு நேரம் வைத்து ஃபிக்ஸ் செய்யுங்கள். இதுவே சாம்பலாக வந்தால் வெளிச்சத்தின் மேல் பழி இல்லை. பேப்பர் காலாவதியாகியிருக்கும், சூட்டில் கிடந்திருக்கும், அல்லது யாரோ பெட்டியைத் திறந்திருப்பார்கள். புது டெவலப்பரில் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்து, அப்போதும் சாம்பல் என்றால் பேப்பர்தான். பழைய பேப்பரை, டெவலப்பரில் பென்சோட்ரையசோல் என்ற ஃபாக் தடுக்கும் ரசாயனம் சேர்த்து ஓரளவு மீட்கலாம் என்பார்கள். முடியும்தான், ஆனால் பழகும் காலத்தில் இது வேண்டாத வேலை. மலிவாகக் கிடைத்த பழைய பேப்பரில் கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்குத் தன் தவறு எது, பேப்பரின் தவறு எது என்றே தெரியாமல் போகும்.

முழு இருட்டில் போட்ட துண்டு வெள்ளையாக வந்து, வழக்கமான பிரிண்டின் ஓரம் மட்டும் சாம்பல் என்றால் வெளிச்சம்தான். கதவிடுக்கு, சாவித் துவாரம், டைமரின் ஒளிரும் எண்கள், சார்ஜரின் சிறு விளக்கு, கைபேசி எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருங்கள், கண் பழகியதும் கசிவு தானாகத் தெரியும். என்லார்ஜரின் தலைப் பகுதியிலிருந்து கசியும் வெளிச்சம் பின்சுவரில் பட்டுத் திரும்பி ஈசலுக்கு வருவதும் உண்டு. அந்தச் சுவரில் கறுப்புத் தாள் ஒட்டினால் தீர்ந்தது.

படி 3: சேஃப்லைட்டைச் சோதிக்கும் சரியான முறை

வெறும் பேப்பரின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு, டெவலப் செய்து, நாணயத்தின் தடம் தெரியவில்லை என்றால் பத்திரம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது போதாது. பேப்பர் சாம்பலாகத் தொடங்குவதற்கே குறிப்பிட்ட அளவு வெளிச்சம் வேண்டும். வெறும் பேப்பரில் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடும் பலவீனமான வெளிச்சம், ஏற்கனவே என்லார்ஜரின் வெளிச்சம் பட்ட பேப்பரில் வேலையைக் காட்டிவிடும். மேகமும் வெள்ளைச் சட்டையும் மங்குவது இப்படித்தான். ஓரம் மட்டும் வெள்ளையாகவே இருக்கும், நீங்களும் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. முழு இருட்டில், நெகட்டிவ் இல்லாமல், லென்ஸின் அபர்ச்சரை (வெளிச்சம் புகும் துளையை) நன்றாகச் சுருக்கி வைத்து ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் (ஒரே துண்டில் பகுதி பகுதியாக வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டுவது) போட்டு, வெளிறிய சாம்பல் தரும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.
2. புதுப் பேப்பருக்கு அந்த நேரத்தை முழு இருட்டில் கொடுங்கள்.
3. அதை நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வைத்து, நடுவில் ஒரு நீளப் பட்டையால் மறைத்து, சேஃப்லைட்டைப் போடுங்கள். பட்டைக்குக் குறுக்காக ஓர் அட்டையை நகர்த்தி 1, 2, 4, 8 நிமிடம் என்று பகுதி பகுதியாக வெளிச்சம் காட்டுங்கள்.
4. சேஃப்லைட்டை அணைத்துவிட்டு, இருட்டிலேயே டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள்.

பட்டையின் தடம் எந்த நிமிடத்தில் தெரியத் தொடங்குகிறதோ, அதில் பாதி நேரத்துக்குள் உங்கள் வேலை முடிய வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே தெரிந்தால் விளக்கைத் தூர வையுங்கள், பல்பின் வாட் அளவைக் குறையுங்கள். 15 வாட் பல்பும் குறைந்தது 1.2 மீட்டர் தூரமும் பழைய, நல்ல கணக்கு. சிவப்பாக இருக்கிறதே என்று கடையில் வாங்கிய அலங்கார பல்பைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். கண்ணுக்குச் சிவப்பு என்பதும் பேப்பருக்குப் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல.

படி 4: நேரத்தைக் கண்டுபிடிப்பது

டெஸ்ட் ஸ்ட்ரிப்பை 5, 10, 15, 20, 25 நொடி என்று போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. இதில் 5-க்கும் 10-க்கும் இடையே வெளிச்சம் இரண்டு மடங்காகிறது, 20-க்கும் 25-க்கும் இடையே கால் பங்குதான் கூடுகிறது. ஒரு பக்கம் பெரிய தாவல், இன்னொரு பக்கம் வித்தியாசமே தெரியாத பட்டைகள். 5, 7, 10, 14, 20, 28 என்று மொத்த நேரம் அமையும்படி போட்டால் ஒவ்வொரு படியும் ஒரே அளவு, அதாவது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முதலில் முழுத் துண்டுக்கும் 5 நொடி, பிறகு மறைத்துக்கொண்டே வந்து 2, 3, 4, 6, 8 நொடிகள்.

சரியான நேரம் 10 முதல் 20 நொடிக்குள் விழும்படி லென்ஸின் அபர்ச்சரை அமைத்துக்கொள்ளுங்கள். நாலு நொடி எக்ஸ்போஷரில் பல்பு சூடாகும் நேரமே பெரிய பங்கு, தவிர அதில் ஓர் இடத்தை மறைத்து வெளிச்சம் குறைக்கவும் நேரம் இருக்காது. நிமிடக்கணக்கில் இழுத்தால் நெகட்டிவ் சூடாகி வளையும்.

இந்தப் படியில் பழகுபவர்களின் மிகப் பெரிய கோளாறு டிரேயில் நடக்கிறது. படம் வேகமாகக் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துப் பயந்து, இருபது நொடியில் வெளியே இழுத்துவிடுகிறார்கள். விளைவு: சேறு பூசியது போன்ற சாம்பல், திட்டுத்திட்டான நிறம், எங்கும் உண்மையான கறுப்பு கிடையாது. அப்புறம் கான்ட்ராஸ்ட் போதவில்லை என்று ஃபில்டரை ஏற்றுகிறார்கள். படம் கறுத்தால் கறுக்கட்டும், முழு நேரமும் உள்ளேயே விடுங்கள். ஆர்சி பேப்பருக்குப் பொதுவாக 1 நிமிடம், ஃபைபருக்கு 2 நிமிடம், துல்லியமான அளவுக்கு டெவலப்பரின் குறிப்பைப் பாருங்கள். பிரிண்ட் கருமையாகிவிட்டால் என்லார்ஜரில் நேரத்தைக் குறைத்து இன்னொன்று போடுங்கள். டெவலப்பர் நேரம் என்பது மாறாத எண்ணாக இருந்தால்தான் மற்றவற்றை மாற்றிப் பார்க்க முடியும்.

டிரேயை ஒரு மூலையைத் தூக்கி இறக்கி இடைவிடாமல் ஆட்டுங்கள். திட்டுகள் வந்தால், பேப்பர் ஒரே வீச்சில் முழுகவில்லை அல்லது டிரேயில் கரைசல் ஆழம் போதவில்லை.

படி 5: கான்ட்ராஸ்ட்

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக பேப்பர் வீணாகிறது. நேரம் ஒன்றைத் தீர்மானிக்கும், ஃபில்டர் வேறொன்றைத் தீர்மானிக்கும் என்பது மனதில் பதியாததுதான் காரணம். வெளிச்சமான பகுதிகளை நேரத்தால் சரிசெய்யுங்கள், கருமையான பகுதிகளை ஃபில்டரால் சரிசெய்யுங்கள்.

எண் 2 ஃபில்டரோடு தொடங்குங்கள். படத்தில் வெளிச்சமாகவும் அதே சமயம் நுணுக்கம் தெரிய வேண்டியதாகவும் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முகத்தின் வெளிச்சம் விழும் கன்னம், வெள்ளைத் துணியின் மடிப்பு மாதிரி. டெஸ்ட் ஸ்ட்ரிப் அந்த இடத்தின் மேல் விழட்டும். அங்கே சரியாக இருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு முழுப் பிரிண்ட் போடுங்கள். இப்போது கருமையைப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டியது சாம்பலாக இருந்தால் ஃபில்டரை அரை எண் அல்லது ஒரு எண் ஏற்றுங்கள். நிழலில் நுணுக்கம் எல்லாம் மூழ்கிவிட்டால் இறக்குங்கள். ஃபில்டர் மாற்றியதும் வெளிச்சப் பகுதிக்கு மறுபடி ஒரு ஸ்ட்ரிப் போட வேண்டும், இதைத் தவிர்க்க முடியாது. இல்ஃபோர்டின் மல்டிகிரேடு ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், 4 முதல் 5 வரை இரண்டு மடங்கு. ஆனால் அந்தச் சமன்பாடு நடுத்தரச் சாம்பலுக்குத்தான், வெளிச்சப் பகுதி கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கோளாறு தேடுவது எளிது. மல்டிகிரேடு பேப்பரின் பூச்சு முழுவதும் நீல ஒளியை உணரும். அதில் ஒரு பகுதி பச்சையையும் நன்றாக உணரும்படி செய்யப்பட்டிருக்கிறது. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும், படம் மென்மையாகும். மெஜந்தா ஃபில்டர் பச்சையைத் தடுக்கும், படம் கடினமாகும். ஆகவே எண் 5 போட்டும் கான்ட்ராஸ்ட் ஏறவில்லை என்றால் ஃபில்டர் வெளுத்திருக்கலாம், அல்லது வேறெங்கிருந்தோ வெளிச்சம் கலக்கலாம், அல்லது பேப்பரே கான்ட்ராஸ்ட் மாறாத ஒரே கிரேடு பேப்பராக இருக்கலாம். பெட்டியைப் படித்துப் பாருங்கள்.

படம் உயிரில்லாமல் சாம்பலாக இருந்தால், ஃபில்டரைத் தொடும் முன் ஒரு சோதனை. நெகட்டிவ் ஸ்ட்ரிப்பைக் கேரியரில் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று இடமும் பிரிண்டில் விழும்படி வையுங்கள். அந்த இடம்தான் அதிக வெளிச்சத்தை விடும். பிரிண்டில் அது படி 1-இன் கறுப்புத் துண்டோடு கிட்டத்தட்ட ஒத்துப்போய், படம் மட்டும் மங்கலாக இருந்தால் நெகட்டிவ் மென்மையானது, ஃபில்டரை ஏற்றுங்கள். அந்த இடமே கறுக்கவில்லை என்றால் நேரம் போதவில்லை. நேரத்தைக் கூட்டியும் கறுக்காவிட்டால் டிரேக்குத் திரும்புங்கள்.

கேமராவில் வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவில் நிழல் பகுதி கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கும். அதிலிருந்து எந்த ஃபில்டரும் நுணுக்கத்தை வரவழைக்காது. நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள், சாம்பல் சேற்றைவிட அது எவ்வளவோ மேல்.

ஈரமாக இருக்கும் பிரிண்டைப் பிரகாசமான விளக்கின் கீழ் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்தால், குறிப்பாக ஃபைபர் பேப்பர், கொஞ்சம் கருமையாகும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முடி உலர்த்தும் ட்ரையரால் காயவைத்து, படம் மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்தைப் போன்ற வெளிச்சத்தில் பாருங்கள்.

படி 6: கூர்மை இல்லை

பூதக்கண்ணாடியால் பிரிண்டில் ஃபிலிமின் மணிகளை (கிரெய்ன் எனப்படும் வெள்ளித் துகள்களை) தேடுங்கள். மணிகள் கூர்மையாக இருந்து படம் மட்டும் மங்கல் என்றால் கேமராவிலேயே தவறு நடந்திருக்கிறது, என்லார்ஜரை விட்டுவிடுங்கள். மணிகளே தெரியவில்லை என்றால் என்லார்ஜரைப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் மங்கல்: ஃபோக்கஸ் தவறு, லென்ஸில் தூசிப்படலம் அல்லது பூஞ்சை, அல்லது எக்ஸ்போஷர் நடக்கும்போது மேசை ஆடுகிறது. லென்ஸின் அபர்ச்சரை முழுவதும் திறந்து வைத்து ஃபோக்கஸ் செய்து, இரண்டு ஸ்டாப் மூடிப் பிரிண்ட் போடுங்கள். சில லென்ஸ்கள் மூடும்போது ஃபோக்கஸ் நகர்ந்துவிடும் என்பதால் மூடிய பிறகும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நடுவில் மட்டும் மங்கல், அல்லது இரட்டை உருவம்: பல்பின் சூட்டில் நெகட்டிவ் எக்ஸ்போஷரின் நடுவே வளைந்துவிட்டது. லென்ஸுக்குக் கீழே அட்டையால் மறைத்துவிட்டு, விளக்கை அரை நிமிடம் எரியவிட்டு, நெகட்டிவ் அடங்கிய பிறகு ஃபோக்கஸ் செய்து உடனே பிரிண்ட் போடுங்கள். கண்ணாடி கேரியர் இதைத் தடுக்கும், ஆனால் வானவில் வளையங்களையும் நாலு பக்கத் தூசியையும் கூடவே கொண்டுவரும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் நெகட்டிவ், லென்ஸ், ஈசல் மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. நாலு மூலையும் வெளிறியிருந்தால் லென்ஸின் குவியத் தூரம் குறைவு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ், 6×6 நெகட்டிவுக்கு 75 அல்லது 80 வேண்டும்.

எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல வந்தால் நெகட்டிவைத் திருப்பி வையுங்கள். மங்கலான பூச்சுப் பக்கம் கீழே, பேப்பரை நோக்கி இருக்க வேண்டும்.

படி 7: புள்ளி, கோடு, விரல் தடம்

பிரிண்டில் வெள்ளைப் புள்ளியும் வெள்ளை மயிரிழையும் நெகட்டிவின் மேல் இருக்கும் தூசி. ஊதும் பல்பாலும் மென்மையான பிரஷ்ஷாலும் தட்டிவிட்டால் போய்விடும், வாயால் ஊதினால் எச்சில் துளி போய் ஒட்டும். கறுப்புப் புள்ளி வேறு கதை: அங்கே நெகட்டிவில் வெள்ளி உருவாகவே இல்லை. படம் எடுக்கும்போது ஃபிலிமில் தூசி இருந்திருக்கலாம், அல்லது ஃபிலிமை டெவலப் செய்யும்போது காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கலாம்.

கோடுகளும் அப்படியே. பூச்சுப் பக்கம் கீறினால் பிரிண்டில் கறுப்புக் கோடு. பளபளப்பான முதுகுப் பக்கம் கீறினால் வெளிச்சம் சிதறி வெள்ளைக் கோடு. பின்னதற்கு, மூக்கின் பக்கத்துச் சரும எண்ணெயை விரலால் தொட்டு அந்தக் கீறலில் லேசாகத் தடவும் பழைய தந்திரம் இன்றும் வேலை செய்கிறது. பிறகு மறக்காமல் துடைத்துவிடுங்கள்.

வெள்ளை விரல் ரேகை என்றால் ஃபிக்சர் பட்ட கை உலர்ந்த பேப்பரைத் தொட்டிருக்கிறது, கறுப்பு ரேகை என்றால் டெவலப்பர் பட்ட கை. ஒவ்வொரு டிரேக்கும் தனி இடுக்கி வையுங்கள், ஃபிக்சர் இடுக்கி டெவலப்பருக்குள் போகவே கூடாது. பிறைநிலா வடிவக் கறுப்புத் தடம் பேப்பரை விரலால் மடக்கிப் பிடித்ததால் வந்தது.

படி 8: ஃபிக்சரும் கழுவுதலும்

இங்கே நடக்கும் தவறு அன்றைக்குத் தெரியாது. வாரங்களோ மாதங்களோ கழித்து மஞ்சளாகவும் பழுப்பாகவும் வெளியே வரும்.

ஸ்டாப் பாத்தைத் தண்ணீராக மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். டெவலப்பர் ஃபிக்சருக்குள் போனால் ஃபிக்சர் சீக்கிரம் சாகும், கறையும் வரும். நிறம் மாறும் வகை ஸ்டாப் பாத் மஞ்சளிலிருந்து ஊதாவாக மாறினால் முடிந்தது. சேஃப்லைட்டின் கீழ் அது கரும் திரவமாகத் தெரியும்.

ஃபிக்சரைச் சோதிக்க, டெவலப் செய்யாத ஃபிலிம் துண்டு ஒன்றைப் போட்டு, அது தெளிவாக எத்தனை நொடி ஆகிறது என்று புதுக் கரைசலில் அளந்து பாட்டிலில் எழுதி வையுங்கள். அந்த நேரம் இரண்டு மடங்கானால் கரைசலை மாற்றுங்கள். இல்ஃபோர்டின் ரேப்பிட் ஃபிக்சர் 1+4 கரைசலாக ஒரு லிட்டருக்கு 8×10 அங்குல ஆர்சி பேப்பர் சுமார் 80, ஃபைபர் என்றால் சுமார் 40 வரைதான் தாங்கும். எண்ணிக்கையைப் பாட்டிலிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த 1+4 கரைசலில் ஆர்சிக்கு 30 நொடி, ஃபைபருக்கு 1 நிமிடம் போதும். பத்திரத்துக்கு என்று பத்து நிமிடம் ஊறவிட்டால் ஃபைபர் பேப்பரின் நாருக்குள் ஃபிக்சர் இறங்கிவிடும், பிறகு கழுவி எடுப்பது பெரும்பாடு.

ஆர்சி பேப்பருக்கு ஓடும் தண்ணீரில் 2 நிமிடம். ஃபைபருக்கு வெறும் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம். கழுவுவதை எளிதாக்கும் கரைசலில் இடையே ஊறவைத்தால் அது வெகுவாகக் குறையும்.

ஓரத்தில் ஏற்கனவே லேசான மஞ்சள் கண்ட பிரிண்ட் இருந்தால், தாமதிக்காமல் புது ஃபிக்சரில் போட்டு மறுபடி முழுமையாகக் கழுவுங்கள். மஞ்சள் ஆழமாகிவிட்டால் இது பலிக்காது, நெகட்டிவை எடுத்துப் புதுப் பிரிண்ட்தான் போட வேண்டும். பயன்படுத்தி முடித்த ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து வைத்து, வேதிக் கழிவு வாங்குபவர்களிடமோ வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடமோ கொடுத்துவிடுங்கள்.